மூன்று விரல் அகலத்து ஆடு

அத்தியாயம் 17

தம்பி கல்யாணத்துக்கு வெள்ளகோவில் போய்விட்டுத் திங்கட்கிழமை காலை திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய வேல்விழிக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு நாலு மணி நேரம் தூங்க வேண்டும். அந்த ஆசையில் மண் விழுந்த கதைதான் இந்த வாரம்.

வாரா வாரம் இந்தத் தொடருக்கு வருகிறவர்களுக்கு அவளைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தும் அர்த்தநாரியின் மனைவி அவள். குழந்தைகள் போடும் டீ-ஷர்ட்டில் நெஞ்சுக்கு நேரே அச்சடிக்கிற படங்களைப் பன்னிரண்டு வருஷமாக வரைகிறவள். சம்பளமும் கிடையாது, சாயங்காலம் 'களைச்சுப் போயிட்டயா' என்று கேட்க ஆளும் கிடையாது. மூன்று மாதத்துக்கு முன்னால் அர்த்தநாரி ஒரு புதுப் போன் வாங்கி வந்து அவள் கையில் வைத்தார். பொத்தானே இல்லாத போன். குச்சியால் தொட்டால் வேலை செய்யும்.

"கரண்ட்டு நாளைக்கு நாலு மணி நேரம் போயிருது. கம்ப்யூட்டரு சும்மா பொட்டியாட்டக் கெடக்குது. போனுக்கு அந்தக் கெரகமெல்லாம் இல்ல பாரு. மெயிலு, போட்டோ, படம் வரையறது, அம்புட்டும் இதுலயே ஆச்சு. பஸ்ஸுல போறப்பக்கூட வேலை பாக்கலாம்" என்றார்.

மறுநாளே அவள் வரைகிற அறையைக் காலி செய்து எட்டுத் தையல் மெஷினை இறக்கிவிட்டார். கம்ப்யூட்டர் பனியன் துணியில் சுற்றிப் பரணுக்குப் போனது. மேசை கட்டிங் பகுதிக்குப் போய்த் துணி உருளை சுமந்தது.

பஸ்ஸில் போகும்போதும் வேலை பார்க்கலாம் என்று அவர் சொன்னதில் பொய்யே இல்லை. பஸ்ஸில் போகும்போதும் பார்த்தாள், பால் காய்ச்சும்போதும் பார்த்தாள், மகள் நித்யஸ்ரீக்குத் தலை பின்னும்போதும் ஒரு கையால் பார்த்தாள். முன்பெல்லாம் ஆறு மணிக்கு அறையைப் பூட்டினால் வேலை உள்ளே கிடக்கும். இப்போது அது படுக்கை வரைக்கும் கூடவே வந்தது. ஆனால் உருப்படியாக ஒரு படம் அந்த மூன்று மாதத்தில் அவள் கையிலிருந்து வரவில்லை. வந்ததெல்லாம் பதில்தான். 'சரிங்க', 'பாக்கறனுங்க', 'ஓகே'.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஓர் அதிசயம் நடந்திருந்தது. எப்போதும் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் படத்தை அனுப்புவான், இவள் அதை அளவுக்குத் திருத்திக் கொடுப்பாள். இந்தத் தடவை இவளே வரைந்த படத்தை அவன் எடுத்துக்கொண்டான். சிவப்பு சைக்கிள் ஓட்டும் ஒரு வெள்ளாடு. அறை காலியாவதற்கு முந்தின வாரம் மேசையில் உட்கார்ந்து வரைந்தது. அர்த்தநாரிக்கு அது இன்னொரு ஆர்டர். வேல்விழிக்கு அது பன்னிரண்டு வருஷத்தில் முதல் பிள்ளை மாதிரி.

பஸ்ஸை விட்டு இறங்கின உடனே போன் அடித்தது. கல்யாணம் முடிந்த கையோடு நேற்றே திரும்பிவிட்டிருந்த அர்த்தநாரி.

"எங்க இருக்கற?"

"இப்பத்தானுங்க எறங்கினேன். ஊட்டுக்குப் போயி..."

"ஊடெல்லாம் அப்பறம். நேரா பிரிண்டிங் ஷெட்டுக்கு வா. உன்ற ஆட்டுக்குக் கொம்பக் காணோம்."

கம்பெனிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அச்சு வேலை செய்து கொடுப்பவன் சகாயராஜ். தூத்துக்குடிப் பக்கத்தான். பேச்சும் குறைவு, புகாரும் குறைவு. பிழைப்பு தேடித் திருப்பூர் வந்து பதினாலு வருஷமாகியும் ஊர்ப் பேச்சை விடாதவன். வேல்விழி போய் நின்றபோது நீள மேசையில் வெட்டின துணிகளை வரிசையாக விரித்து வைத்திருந்தான். இரண்டு வயதுக் குழந்தைக்கான அளவு. இன்னும் தைக்காத முன்பக்கத் துண்டுகள்.

அவள் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். பழுப்பு நிறத்தில் ஆட்டு உடம்பு பூதாகாரமாக நின்றது. கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் சட்டையின் கழுத்து வளைவு வெட்டிப் போயிருந்தது. சைக்கிளின் பின்சக்கரம் பாதிதான் துணியில் இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கான படத்தை இரண்டு வயதுத் துணியில் ஏற்றியிருக்கிறார்கள்.

"எத்தனை பீஸுங்க?"

"ரெண்டாயிரத்து நானூறு!" என்று பக்கத்தில் நின்ற அர்த்தநாரி கத்தினார். "சனிக்கிழமை கப்பலுக்குப் போவணும். அதே ஷேடுல இனி துணிக்குச் சாயம் ஏத்தறதுக்குப் பத்து நாளாவும். ஏப்பா சகாயம், கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

"ரெண்டு வயசுக்குப் பதிலா பத்து வயசுப் படத்தோட பிலிமை மாத்திப் போட்டுட்டேண்ணே. என் தப்புதான்" என்றான் சகாயராஜ். தலையை நிமிர்த்தவில்லை. "நேத்து ஞாயித்துக்கிழம பூசைக்குக்கூடப் போவல. அவசரம்னு சொன்னியள்னு நின்னு ஓட்டினேன். பழுப்பும் செவப்பும் ஏறிட்டு. கருப்புக் கோடு மட்டும் இன்னும் ஏறல."

"இந்த ஆர்டரு முடியட்டும். அப்பறம் உனக்காச்சு எனக்காச்சு" என்று சொல்லிவிட்டு அர்த்தநாரி விறுவிறுவென்று வெளியே போனார்.

அவர் போனதும் சகாயராஜ் தயங்கித் தயங்கித் தன் பழைய போனை எடுத்தான்.

"அக்கா, தப்பா நெனைக்காதிய. அண்ணன் முன்னால சொல்ல எனக்கு மனசு வரல. மொதல் பீஸை சும்மா ஒரு துண்டுத் துணில அடிச்சு, போட்டோ புடிச்சு உங்களுக்கு அனுப்புனேன்லா. ஏழு பதினெட்டுக்கு உங்ககிட்டேருந்து ஓகே வந்துச்சு. அதுக்கப்பறம்தான் வேலைய ஆரம்பிச்சேன்."

வேல்விழி தன் போனைத் திறந்து பார்த்தாள். அவன் அனுப்பின படம் இருந்தது. முழு ஆடு, கொம்போடு, இரண்டு சக்கரத்தோடு, அப்பழுக்கில்லாமல். கீழே 'OK'. சனிக்கிழமை, மாலை ஏழு பதினெட்டு.

சனிக்கிழமை மாலை ஏழு பதினெட்டுக்கு அவள் எங்கே இருந்தாள் என்பதற்கு நூறு சாட்சி உண்டு. மணவறையில் தம்பி பக்கத்தில் இணைச்சீருக்கு உட்கார்ந்திருந்தாள். கொங்கு நாட்டில் மாப்பிள்ளைக்கு அக்கா தங்கைதான் அந்தச் சீர் செய்ய வேண்டும். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு தம்பியிடம், மறுதலைப்பு அவள் கையில். இடுப்பிலிருந்த போன் விட்டு விட்டு உறுமிக்கொண்டே இருந்ததால் சீர் நடத்தும் அருமைக்காரர் முகம் சுளித்தார். "அம்மிணி, அந்தக் கருமத்தை யாருகிட்டயாச்சும் குடுத்துப்போட்டு ஒக்காரு சாமி" என்றார். அவள் எடுத்துக் கொடுத்தாள். யாரிடம்? எதிரே நின்ற புருஷனிடம்.

அட ஆண்டவனே! கோபம் வருவதற்குப் பதிலாக அவளுக்கு அசதிதான் வந்தது. அடித்துப் போட்ட மாதிரி ஓர் அசதி.

இன்னொன்றும் தோன்றியது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் போன் அவள் கையிலேயே இருந்திருந்தால் மட்டும் பிடித்திருப்பாளா? மாட்டாள். அந்தக் கண்ணாடிக்குள் இரண்டு வயது ஆடும் மூன்று விரல் அகலம், பத்து வயது ஆடும் மூன்று விரல் அகலம். முன்பெல்லாம் சகாயராஜ் அச்சடித்த துண்டை நேரில் கொண்டு வருவான். அவள் டேப் வைத்து அளந்து, கட்டிங் துணியின் மேல் போட்டுப் பார்த்து, பென்சிலால் கையெழுத்துப் போடுவாள். 'எதுக்கு நடக்கறீங்க, போட்டோ அனுப்பினாப் பத்தாதா' என்று அந்த வழக்கத்தை நிறுத்தியது அர்த்தநாரிதான்.

"சகாயம், இதை நான் பேசிக்கறேன். இப்பத்திக்குத் துணியக் காப்பாத்தலாம்" என்றாள்.

அர்த்தநாரி திரும்பி வந்தபோது அவரிடமும் அதையே சொன்னாள். கருப்புக் கோடு இன்னும் ஏறவில்லை, அந்தக் கோட்டை மட்டும் புதிதாக வரைந்தால் படத்தை வேறு மாதிரி ஆக்க வழி இருக்கிறதா பார்க்கலாம் என்றாள்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்பறமென்ன? போன எடு. இந்தத் துணியப் போட்டோ புடிச்சு அது மேலயே அழிச்சு எழுது. அரை மணி நேர வேலை."

துணி மூட்டை மேல் உட்கார்ந்து வேல்விழி எழுதினாள். எழுதினாள் என்று சொல்வது மரியாதைக்கு. குச்சியை வைத்தால் விழுகிற கோடு ஆட்டின் காலை விடத் தடியாக இருந்தது. சரி, பெரிதாக்கிப் பார்ப்போம் என்று கழுத்தைப் பெரிதாக்கினால் வால் ஓடிப் போனது. வாலுக்குப் போனால் கழுத்து எங்கே என்று தேட வேண்டியிருந்தது. முழு ஆட்டையும் ஒரே பார்வையில் பார்த்தபடி ஒரு கோடு இழுக்க முடியவில்லை. படம் வரைகிறவளுக்கு அது முடியாவிட்டால் வேறு எது முடிந்து என்ன?

எப்படியோ மூக்கு வரைக்கும் வந்தாள். போன் அடித்தது. டெய்லர் கருப்பாத்தாள், நூல் கலர் கேட்டாள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் வரைந்ததைக் காணோம். மறுபடி ஆரம்பித்தாள். தம்பி கூப்பிட்டான், ஊட்டுக்குப் போய்ச் சேர்ந்தாச்சா என்று. மறுபடியும் போனது. மூன்றாம் தடவை, கிரெடிட் கார்டு வேண்டுமா மேடம் என்று ஒரு பெண் குயில் மாதிரிக் கேட்டாள்.

வேல்விழி போனை மூட்டை மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏனுங்க, எனக்கு என்ற மேசை வேணும்."

"மேசையா? அது மேல இருவது ரோல் கெடக்குது."

"எறக்குங்க."

"கட்டிங் நின்னு போயிரும் புள்ள..."

"ரெண்டாயிரத்து நானூறு பீஸு நின்னுபோய்க் கெடக்குதுங்களே, அது உங்களுக்குத் தெரியிலீங்களா? இதுல பதில் சொல்லலாமுங்க, வேலை செய்ய முடியாது. மூணு மாசமா நானும் சொல்லாம இருந்துட்டேன்."

அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. வேல்விழியும் சகாயராஜும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருளைகளை இறக்கினார்கள். பத்து மணிக்குக் கரண்ட் போனது. அதனால் என்ன? ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு, அச்சடித்த துணி ஒன்றை விரித்து, மேலே டிரேசிங் ஷீட்டைப் போட்டு நான்கு மூலையிலும் குண்டூசி குத்தினாள். பெருமூச்சு ஒன்று வந்தது. மூன்று மாதமாக உள்ளே அடைத்துக் கிடந்த மூச்சு.

கொம்பு போனது போனதுதான். போனதற்கு அழுது என்ன ஆகும்? இருக்கிற தலைக்கு என்ன செய்யலாம் என்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முக்கால் மணி நேரம் கையில் பென்சிலை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். அர்த்தநாரி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்து, 'என்ன சும்மா நிக்கற' என்று கேட்க நினைத்து, கேட்காமல் போனார்.

பதினொன்றரை வாக்கில் பென்சில் நகர்ந்தது. கொம்பு வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே, ஆட்டின் நெற்றியை மறைத்து ஒரு துண்டுத் தலைப்பாகை கட்டினாள். கட்டின உடனே ஆட்டுக்குக் கொம்பு தேவையில்லாமல் போயிற்று. சந்தைக்குப் போகிற கவுண்டர் கணக்காக ஒரு மிதப்பு வந்துவிட்டது. பாதிச் சக்கரத்தைச் சுற்றிப் புழுதி கிளப்பினாள். சக்கரம் வெட்டுப்பட்டதாகத் தெரியவில்லை, இப்போதுதான் சட்டையின் முதுகுப் பக்கமிருந்து வேகமாகத் திரும்பி வருகிற மாதிரி இருந்தது.

எட்டிப் பார்த்த சகாயராஜ் வாய் விட்டுச் சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அது ஒரு தடவைதான்.

"யக்கா, இது மொதல் ஆட்டை விட நல்லாருக்கு!"

"சும்மாரு சகாயம், கண்ணு பட்டுரும்."

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. மூன்றரைக்குள் கருப்புக் கோட்டை அச்சடிக்கிற ஸ்கிரீன் தயாராகி, முதல் துணி அச்சாகிவிட்டது. ஆர்டரைப் பிடித்துக் கொடுத்த பையிங் ஏஜென்சியில் இந்த வேலையைக் கவனிப்பவள் ரோஸ்மேரி. அர்த்தநாரி அவளைக் கூப்பிட்டபோது, "போட்டோ எடுத்து அனுப்பிடுங்க சார், போதும்" என்றாள்.

"போட்டோ கெடையாதுங்க" என்றாள் வேல்விழி குறுக்கே. "துணியவே கொண்டுபோய் அந்தப் புள்ள கையில குடுங்க. டேப் வெச்சு அளக்கச் சொல்லுங்க."

அர்த்தநாரி ஸ்கூட்டரில் போய்விட்டு ஐந்து மணிக்குத் திரும்பினார். முகத்தில் பாதிச் சிரிப்பு, பாதிக் கவலை.

"புடிச்சிருக்குதாம். பையர்கிட்டப் பேசறேன்னு சொல்லிருச்சு. ஆனா ஒண்ணு. எதனால தப்பாச்சு, ஆரு ஓகே குடுத்தாங்கன்னு எழுதி, ஆறு மணிக்குள்ள கடுதாசி வேணுமாம். அதைப் பாத்துட்டுத்தான் பையர் சரிம்பானாம்." சொல்லிக்கொண்டே லெட்டர் பேடை எடுத்து அவள் முன்னால் போட்டார். "பிரிண்டிங் ஷெட்டுத் தப்புன்னு எழுதிரு. சோலி முடிஞ்சுது."

"அப்படி எழுதினா சகாயத்தோட ஷெட்டை ஏஜென்சி லிஸ்டுல இருந்து எடுத்துருவாங்களே. வேற ஒரு கம்பெனியும் அவனுக்கு வேலை குடுக்காது."

"அதுக்கு நான் என்ன பண்றது? தப்புப் பண்ணுனது அவன்."

"பிலிமை மாத்துனது அவன்தானுங்க. அதைப் புடிக்கத்தானே மொதல் பீஸ் அனுப்பறது? ஓகே குடுத்தது ஆருங்க?" வேல்விழி போனை அவர் கையில் வைத்தாள். "சனிக்கிழமை பொழுதோட, சீருல ஒக்காந்திருந்தப்ப, இந்தப் போனு ஆருகிட்ட இருந்துச்சு?"

அவர் பார்த்தார். படத்தைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"அது... விடாம கத்திக்கிட்டே இருந்துச்சு. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. ஓகேன்னு போட்டா நின்னு போயிரும்னு..." குரல் இறங்கிவிட்டது. "நான் பாத்தப்ப ஆடு நல்லாத்தான் இருந்துச்சு புள்ள."

"எனக்கும் நல்லாத்தானுங்க தெரிஞ்சிருக்கும்."

அதைச் சொன்னபோது அவளுக்கு அவர் மேல் இரக்கம்கூட வந்தது. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"என்ற பேர எழுதுனா, மொதலாளிக்கே வேலை தெரியிலன்னு ஊரே சிரிக்கும். உன்ற பேர்ல எழுதிரலாமா? உன்ற போனுதானே?"

பன்னிரண்டு வருஷமாக இந்த மாதிரி இடத்தில் அவள் வாயிலிருந்து வரும் வார்த்தை ஒன்று உண்டு. 'சரிங்க.' அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம், தூங்கலாம். ஆனால் சொன்னால், இன்றைக்கு மேசையில் நின்று செய்ததெல்லாம் தன் தப்பைத் தானே திருத்திக்கொண்டதாக ஆகிவிடும். அந்த ஆட்டுக்கும் தனக்கும் உள்ள உறவே அத்தோடு முடிந்தது. ஏஜென்சி இனி அவள் கோட்டை நம்புமா?

பேனாவை எடுத்து நாலு வரி எழுதினாள். சனிக்கிழமை நான் சீரில் இருந்தேன், போன் கணவரிடம் இருந்தது, அளவு தெரியாமல் அவர் ஓகே கொடுத்துவிட்டார், இனி போட்டோ பார்த்து அப்ரூவல் இல்லை. சகாயராஜ் பேரை எங்குமே எழுதவில்லை.

"கையெழுத்து நீங்க போடோணும்" என்று அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அதைப் படித்தார். லெட்டர் பேடையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது.

வேல்விழி மேசையிலேயே தலையைச் சாய்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், பசிதான் வந்தது. காலையிலிருந்து ஒரு டீதான் உள்ளே போயிருந்தது.

சகாயராஜ் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றான். முகம் தெளிவாக இருந்தது.

"அக்கா, அண்ணனுக்குக் கோவம் தணிஞ்சிட்டு போல. போகும்போது ஷெட்டுக்கு வந்து நல்லா பேசுனாரு."

"அப்படியா? என்ன பேசுனாரு?"

"பெருசா ஒண்ணுமில்ல. என் இனிஷியல் என்னன்னு கேட்டாரு. அப்பா பேரு அந்தோணின்னு சொன்னேன். என் மேசை மேலயே அந்தப் பேடை வச்சு என்னமோ எழுதிட்டுப் போறாரு."

வேல்விழி நிமிர்ந்தாள். அவள் எழுதின கடிதத்தில் சகாயராஜ் பேருக்கே வேலை இல்லை. அப்புறம் இனிஷியல் எதற்கு? அவன் தலையில் பழியைப் போட்டு வேறு கடிதம் எழுதத்தானே?

வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். தெருமுனையில் ஸ்கூட்டர் இல்லை. ஏஜென்சிக்குப் போய்ச் சேரப் பத்து நிமிஷம். கூட்டம் இருந்தால் பதினைந்து. புருஷனுக்கு எதிராக ஒரு வார்த்தை வெளியே சொன்னால் பிறகு அதை உள்ளே எடுக்க முடியாது. பிறந்த வீட்டுக்குத் தெரியும், ஒறம்பரைக்குத் தெரியும், ராத்திரி சாப்பாட்டுத் தட்டு எதிரிலும் அந்த வார்த்தை உட்கார்ந்திருக்கும். எல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

சகாயராஜ் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் விரலிடுக்கில் இன்னும் கருப்பு மை இருந்தது.

அவர் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்த போனை எடுத்தாள். படம் வரைய அது ஆகவில்லை, அளவு பார்க்க ஆகவில்லை. பேசுவதற்கென்று செய்த சாமான், அதற்கு மட்டும் போதும். ஏஜென்சி எண்ணை அழுத்தினாள்.

"அக்கா, சொல்லுங்க" என்றாள் ரோஸ்மேரி. "சார் கெளம்பிட்டாரா? லெட்டருக்காகத்தான் வெயிட் பண்றேன்."

"வந்துட்டிருக்காருங்க. அந்தக் கடுதாசில ஆரு பேரு இருந்தாலும் சரி, அதைப் பிரிக்கறதுக்கு முன்னால நான் சொல்றதைக் கேட்டுக்குங்க." வேல்விழி ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டாள். "ஓகே குடுத்தது சகாயராஜ் இல்லீங்க. நானும் இல்லீங்க. என்ற ஊட்டுக்காரரு."